19ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோ உருவப்படங்கள்: காட்சியமைப்பும் நிற்கும் முறையும்

ஸ்டூடியோ உருவப்படம் என்பது ஒளிப்படக் கலைஞர் தம் கூடத்தில் திரை, இருக்கை, ஒளி ஆகியவற்றைத் தாமே ஒழுங்குபடுத்தி, ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ குறிப்பிட்ட நிலையில் இருத்தி எடுக்கும் படம் ஆகும். இந்த நிலையைப் பேச்சு வழக்கில் 'போஸ்' என்கிறோம். சென்னை மாகாணத்தில் இக்கலை 1850களில் வேரூன்றி, நூற்றாண்டின் இறுதிக்குள் வசதி படைத்த குடும்பங்களின் வழக்கமாக மாறியது. அக்காலப் படங்களில் உள்ளவர்கள் விறைப்பாக நிற்பதும், சிரிக்காமல் இருப்பதும், முழங்கால்மேல் கைவைத்து நேரே பார்ப்பதும் இன்று பார்ப்பவர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அந்த நிலைகளுக்கு வேதியியல், ஓவிய மரபு, சமூக வழக்கம் என மூன்று காரணங்கள் இருந்தன. படத்தில் இருப்பவரின் நிலையை யார் தீர்மானித்தார் என்ற கேள்வியும் இவற்றோடு சேர்ந்தே எழுகிறது.

சென்னைக்கு வந்த வழி

பிரான்சு நாட்டின் தாகேர் கண்டறிந்த ஒளிப்பட முறை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அம்முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம் கிடைக்கும். அதற்குப் படி எடுக்க இயலாது. 1851-இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 'கொலோடியன்' ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் எதிர்மறைப் படம் எடுத்து, முட்டை வெண்கரு பூசிய தாளில் எத்தனை படிகள் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை உருவானது. ஒளிப்படம் தொழிலாக வளர இதுவே வழிவகுத்தது.

சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளி, ஓவியத்தோடும் மண்பாண்டத் தொழிலோடும் ஒளிப்படக் கலையையும் வளர்த்தது. 1850களின் இறுதிக்குள் சென்னையில் ஒளிப்படச் சங்கமும் இயங்கத் தொடங்கியது. நிக்கோலஸ் சகோதரர்களின் நிறுவனம் சென்னையில் நெடுங்காலம் தொழில் நடத்தியது. உதகையில் ஏ.டி.டபிள்யூ. பென், நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வீலே அண்டு கிளைன், இலங்கையில் சார்லஸ் ஸ்கோவன், 1890-இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் ஆகியோர் இத்துறையில் பெயர் பெற்றவர்கள்.

1854-இல் பாரிசைச் சேர்ந்த டிஸ்டேரி என்பவர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படங்கள் ஏறத்தாழ 6 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட அட்டையில் ஒட்டப்பட்டன. பார்க்கச் செல்லும் வீட்டில் கொடுக்கும் முகவரிச் சீட்டின் அளவில் இருந்ததால் இவை 'சீட்டுப் படங்கள்' எனலாம். 1860-இல் விக்டோரியா அரசியின் குடும்பப் படங்களை மேயால் என்பவர் இவ்வடிவில் வெளியிட்டதும் இவ்வழக்கம் பேரரசு முழுவதும் பரவியது.

படத்தின் அளவு அதன் அமைப்பையும் தீர்மானித்தது. சீட்டுப் படத்தில் ஆளை முழு உருவமாக நிறுத்தினால் முகம் ஒரு பயறு அளவே இருக்கும். எனவே முகபாவத்தைவிட உடை, நிற்கும் தோரணை, கையில் உள்ள பொருள் ஆகியவையே ஆளை அடையாளம் காட்டின. 1860களின் பிற்பகுதியில் வந்த 'கேபினட்' அட்டை ஏறத்தாழ 11 செ.மீ. அகலமும் 16.5 செ.மீ. உயரமும் உடையது. முகம் பெரிதானதும் இடுப்பளவு படங்களும் மார்பளவு படங்களும் மிகுந்தன. தகட்டின்மேல் பென்சிலால் தீட்டி முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்கும் வேலையும் பெருகியது.

ஓவியத்திலிருந்து வந்த தூணும் திரையும்

பழைய ஸ்டூடியோ படங்களில் உருண்டைத் தூண், பாதி விலகிய திரைச்சீலை, கைப்பிடிச் சுவர், செதுக்கு வேலைப்பாடுள்ள மேசை, அதன்மேல் ஒரு புத்தகம் அல்லது பூச்சாடி ஆகியவை திரும்பத் திரும்ப வரும். இவை ஒளிப்படக் கலைஞர்கள் கற்பனையில் உருவாக்கியவை அல்ல. ஐரோப்பிய அரசர்களையும் பிரபுக்களையும் தூணுக்கும் திரைக்கும் இடையே நிறுத்தி வரையும் மரபு எண்ணெய் வண்ண ஓவியத்தில் முன்பே இருந்தது. 1769-இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில் போன்ற ஓவியர்கள் அந்த உருவ ஓவிய மரபை இங்கே கொண்டுவந்தனர். ஆர்க்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் உருவத்தை அவர் வரைந்தார்.

ஓவியத்தில் அரசருக்கு உரியதாக இருந்த தூண், ஸ்டூடியோவில் மரத்தாலும் சுண்ணச் சாந்தாலும் செய்யப்பட்டு, கட்டணம் கொடுக்கும் எவருக்கும் கிடைத்தது. பின்னால் தொங்கிய துணியில் மாளிகைப் படிக்கட்டோ, ஏரிக்கரைப் பூங்காவோ வரையப்பட்டிருக்கும். கீழே கம்பளமோ, மரக்கட்டம் அச்சிட்ட விரிப்போ கிடக்கும். திரைத்துணி தரையைத் தொடும் இடத்தில் உள்ள மடிப்பையும், விரிப்பின் ஓரத்தையும் பல படங்களில் காணலாம். அச்சிடும்போது ஓரத்தை வெட்டி இவற்றை மறைப்பதுண்டு. வெட்டாமல் விட்ட படங்களே இன்று ஆய்வாளர்களுக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன.

வேதியியல் விதித்த கட்டுப்பாடுகள்

ஈரத்தகட்டு முறையில் கலைஞர் கண்ணாடியின்மேல் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் முக்கி எடுத்து, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். மொத்த வேலையும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். சென்னையின் வெயிலில் தகடு இன்னும் விரைவாகக் காய்ந்தது. ஆள் முன்கூட்டியே தயாராக அமர்ந்திருக்க, கலைஞர் தகட்டோடு ஓடிவருவார். ஆகவே நிலையை நிதானமாக மாற்றிப் பார்க்க நேரம் கிடையாது. பழகிய சில நிலைகளே மீண்டும் மீண்டும் பயன்பட்டன.

மின்விளக்கு இல்லாத காலம் அது. கூரையிலும் வடக்குப் பக்கச் சுவரிலும் கண்ணாடி பதித்த அறையே ஸ்டூடியோ. வடக்கிலிருந்து வரும் ஒளி நேர் வெயிலைப்போல் கண்ணைக் கூச வைக்காது, நிழலையும் கடுமையாக்காது. திரைகளை இழுத்தும் மூடியும் முகத்தின் ஒரு பக்கத்தில் சற்று நிழல் விழுமாறு செய்தனர். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது.

அசைவைத் தடுக்கத் தலைதாங்கி பயன்பட்டது. கனமான இரும்பு அடித்தட்டு, அதிலிருந்து எழும் தண்டு, மேலே பிடரியை அணைக்கும் கவை ஆகியவை அதன் பகுதிகள். அது ஆளின் பின்னால் மறைந்திருக்கும். நிற்பவரின் காலுக்குப் பின்னால் அதன் அடித்தட்டு எட்டிப் பார்க்கும் படங்களும் உள்ளன. நாற்காலியின் முதுகு, மேசை, தூண் ஆகியவை அழகுக்கு மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. முழங்கையை ஊன்றி உடலை நிலைப்படுத்தவும் அவை உதவின. சிரிப்பைப் பல நொடிகள் நிறுத்தி வைத்தால் முகம் கோணிவிடும்; வாயை மூடி இயல்பாக இருப்பதே எளிது. பெரிய மனிதருக்குச் சிரித்த முகம் ஏற்றதன்று என்ற எண்ணமும் அதற்குத் துணை நின்றது.

ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் வடிவமைத்த உருவப்பட வில்லை மிகுந்த ஒளியை உள்ளே விட்டது. ஆனால் அதில் படத்தின் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாக இருக்கும், ஓரங்கள் மங்கும். அதனால் முக்கியமானவரை நடுவில் வைப்பது கட்டாயமாயிற்று. குழுப் படங்களில் ஓரத்தில் இருப்பவர்களை வில்லையின் பக்கம் சற்று முன்தள்ளி, பிறைபோல் வளைத்து அமர்த்தினர். வில்லைக்கு அருகில் நீளும் கையும் காலும் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும் என்பதால் கைகளை உடலோடு ஒட்டி மடியிலோ முழங்காலிலோ வைத்தனர்.

இன்னொரு சிக்கல் தமிழகத்துக்கு மிகவும் பொருந்துவது. அக்காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்குப் பெரும்பாலும் இருட்டே. நீலப் புடவை வெளுத்துத் தெரியும். அரக்குப் புடவை கருத்துத் தெரியும். குங்குமம் கரும்புள்ளியாகும், மஞ்சள் பூசிய முகம் மங்கும், திருநீறு பளிச்சென்று நிற்கும். வெள்ளை வேட்டி உடுத்திய மாநிற உடலைப் படம் எடுப்பது கடினம். முகத்துக்குப் போதிய ஒளி கொடுத்தால் வேட்டியின் மடிப்புகள் அழிந்து வெறும் வெள்ளையாகும். வேட்டிக்கு ஏற்ப அளவிட்டால் முகம் இருண்டுவிடும். கருங்கோட்டை வேட்டிக்குமேல் அணிவது அக்கால நாகரிகம்தான் என்றாலும், கலைஞருக்கும் அது வசதியாகவே இருந்தது. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயங்களைக் கொண்டு தகட்டின் நிற உணர்வைக் கூட்டும் வழியைக் கண்ட பிறகே இக்குறை படிப்படியாகக் குறைந்தது.

நேர்ப்பார்வையும் நாற்காலியும்

ஐரோப்பிய ஸ்டூடியோக்களில் ஆளை முக்கால் பங்கு திருப்பி, பார்வையை வேறு பக்கம் செலுத்தச் சொல்வது சிறந்த முறையாகக் கருதப்பட்டது. ஹென்றி பீச் ராபின்சன் 1869-இல் வெளியிட்ட காட்சியமைப்பு நூல், ஓவிய விதிகளை ஒளிப்படத்துக்குப் பொருத்திக் காட்டியது. சமச்சீரான நேர்நிலை அழகற்றது என்பது அவ்வழி வந்தவர்களின் கருத்து.

தமிழ்க் குடும்பங்களின் படங்களில் இதற்கு நேர்மாறானதையே மிகுதியாகக் காண்கிறோம். முகம் நேராக இருக்கும். இரண்டு கண்களும் இரண்டு காதுகளும் தெரியும். இரு கைகளும் இரு முழங்கால்களில் ஊன்றியிருக்கும். இரு பாதங்களும் தரையில் பதிந்திருக்கும். இதைத் திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. பக்கவாட்டில் திரும்பினால் ஒரு காதின் தோடு மறைந்துவிடும். வீட்டில் மாட்டி வணங்கப்போகும் படத்தில் முன்னோர் நம்மை நேரே பார்க்க வேண்டும் என்பதும் இயல்பான விருப்பமே. இந்திய ஒளிப்பட வரலாற்றை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னி போன்றோர், இந்நாட்டு உருவப்படங்களை ஐரோப்பிய அளவுகோலால் மட்டும் மதிப்பிடக் கூடாது என்று காட்டியுள்ளனர்.

நாற்காலிக்கும் தனிப் பொருள் இருந்தது. திண்ணையிலும் பாயிலும் அமர்ந்து பழகிய சமூகத்தில் நாற்காலி அதிகாரத்தின் அடையாளம். யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதைச் சாதியும் வயதும் பதவியும் முடிவு செய்தன. ஆங்கிலேயர் வீட்டுக் குழுப் படங்களில் துரை குடும்பம் நாற்காலியில் இருக்க, பணியாளர்கள் பின்னால் நிற்பார்கள் அல்லது தரையில் அமர்ந்திருப்பார்கள். ஸ்டூடியோவிலோ கட்டணம் செலுத்தியவருக்கு நாற்காலி உண்டு. தொடக்கத்தில் ஜமீன்தார், வணிகர், வழக்கறிஞர், அரசு அலுவலர் ஆகியோருக்கே அது எட்டியது என்றாலும், ஊருக்குள் உட்கார முடியாத ஒருவர் உட்கார்ந்த கோலத்தில் தம்மைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் உருவாயிற்று.

கையில் பிடித்த பொருளும் பேசியது. புத்தகம் படிப்பைக் குறித்தது. கைத்தடியும் குடையும் மதிப்பைக் குறித்தன. சங்கிலிக் கடிகாரம் அலுவலக நேரத்தோடு வாழ்பவர் என்பதைச் சொன்னது. இப்பொருள்கள் பல ஸ்டூடியோவுக்குச் சொந்தமானவை. எனவே மேசைமேல் உள்ள புத்தகத்தைக் கொண்டு அவர் படித்தவர் என்று உடனே முடிவு செய்யக் கூடாது. அவர் எவ்வாறு தெரிய விரும்பினார் என்பதை மட்டுமே அது உறுதியாகச் சொல்லும்.

குடும்பமும் பெண்களும்

குடும்பப் படத்தில் முறை தவறாது. மூத்த ஆண் நடுவில் அமர்வார். மூத்த பெண் அருகில் அமர்வார் அல்லது நிற்பார். மகன்கள் பின்வரிசையில் நிற்பர். குழந்தைகள் முன்னால் தரையில் இருப்பர். கணவன் அமர்ந்து மனைவி நிற்பதும் உண்டு; இருவரும் சமமாக அமர்வதும் உண்டு. இருவருக்கும் நடுவே சிறு மேசை ஒன்று இடைவெளி காக்கும்.

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் மக்களிடையே நெடுங்காலம் இருந்தது. அதோடு, அந்நிய ஆடவர் முன் பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும், தோளையும் முகவாயையும் அவர் திருத்தி வைக்கலாம் என்பதும் பல குடும்பங்களைத் தயங்கச் செய்தன. ஐதராபாத்தில் லாலா தீன் தயாள் 1892-இல் பெண்களுக்கென்று தனி ஸ்டூடியோ அமைத்து, அதை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டது இத்தயக்கத்துக்குக் கிடைத்த விடையாகும்.

பெயரில்லாத முகங்கள்

இதே திரை, இதே ஒளி, இதே கலைஞர் இருந்தும் வேறொரு வகைப் படமும் உருவானது. அதில் அமர்ந்தவர் கட்டணம் செலுத்தியவர் அல்லர். படமும் அவருக்கு உரியதன்று. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் நூலில் 468 படங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் மனிதர்களைச் சாதி, இனம், தொழில் ஆகியவற்றின் மாதிரிகளாகவே காட்டின. 1869-இல் இலண்டன் சென்றிருந்த சர் சையது அகமது கான் அந்நூலைக் கண்டு மனம் புண்பட்டதை எழுதியிருக்கிறார்.

இலங்கையில் ஸ்கோவன், பிளாட்டே போன்ற நிறுவனங்கள் பயணிகளுக்கு விற்ற படங்களில் 'தமிழ்ப் பெண்', 'கூலியாள்' என்ற தலைப்புகள் மட்டுமே இருந்தன. நகை அணிந்த தோட்டத் தொழிலாளிப் பெண் திரையின் முன் அழகாக நிறுத்தப்பட்டார். அவர் பெயரை எவரும் குறிக்கவில்லை. 1875-இல் இலங்கையில் குடியேறி 1879-இல் அங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன், உள்ளூர் மக்களைத் தம் வழக்கப்படி நெருக்கமாகவும் மென்மையான ஒளியிலும் எடுத்தார். முகத்துக்கு அவர் கொடுத்த கவனம் பெரிது; ஆயினும் அப்படங்களில் உள்ள பலரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

இவ்வழக்கத்தின் மிகக் கொடிய எல்லை 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் தெரிந்தது. சென்னைப் படைப்பிரிவு அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் பஞ்சத்தில் வாடியவர்களைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமானவர்கள் குடும்பப் படத்தில் இருப்பதுபோலவே வரிசைப்படுத்தப்பட்டிருந்தனர்: சிலர் நிற்க, சிலர் அமர, பிள்ளைகள் முன்னால் கிடந்தனர். உடலின் மெலிவு தெரிய வேண்டும் என்பதே அமைப்பின் நோக்கம். பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டிய சான்றுகள் அவை என்பது உண்மை. சாகும் நிலையில் உள்ளவர்களை ஒழுங்குபடுத்தி இருத்தினார் என்பதும் உண்மை. பின்னர் 1886-இல் மண்டலேயில், சுட்டுக்கொல்லப்படுபவர்களைப் படம் எடுத்ததற்காக ஹூப்பர் கண்டனத்துக்கு ஆளானார். அசையாமல் இருக்கச் சொல்லும் உரிமை எங்கே முடிகிறது என்ற கேள்வியை இப்படங்கள் இன்றும் எழுப்புகின்றன.

வள்ளலார் படம் பற்றிய செய்தி

கடலூர் மாவட்டத்தில் ஒளிப்படம் குறித்து வழங்கும் புகழ்பெற்ற செய்தி வடலூர் இராமலிங்க அடிகளாரோடு (1823–1874) தொடர்புடையது. அன்பர்கள் சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற ஒளிப்படக் கலைஞரை அழைத்துவந்து பலமுறை முயன்றும், வெள்ளாடை மட்டுமே படத்தில் விழுந்தது, திருமேனி விழவில்லை என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அவர் உடல் ஒளியுடலாக மாறியிருந்ததற்கு இதைச் சன்மார்க்க அன்பர்கள் சான்றாகக் கொள்கின்றனர்.

அக்காலத் தகடு வெள்ளைத் துணியை மிகையாகவும் மாநிற மேனியைக் குறைவாகவும் பதிவு செய்யும் இயல்புடையது என்பதை மேலே கண்டோம். தலை முதல் கால்வரை வெள்ளாடை போர்த்திய ஒருவரைப் படம் எடுப்பது எந்தக் கலைஞருக்கும் கடினமே. ஆனால் அதே காலத்தில் வெள்ளாடை அணிந்த பலருடைய முகங்கள் படத்தில் பதிந்துள்ளன என்பதால், இந்த வேதியியல் விளக்கம் மட்டுமே முழு விடையாகிவிடாது. வரலாற்று நோக்கில் ஒன்று தெளிவு: இன்று வீடுகளிலும் சபைகளிலும் வணங்கப்படும் வள்ளலார் உருவம் ஒளிப்படம் அன்று, ஓவியமே. 1870களுக்குள், பெரியோர் ஒருவரை ஒளிப்படத்தில் காண வேண்டும் என்ற விருப்பம் தமிழ் அன்பர்களிடம் வலுவாக எழுந்துவிட்டது என்பதையும் இச்செய்தி காட்டுகிறது.

மாற்றமும் தொடர்ச்சியும்

1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டை அறிவித்தார். அது கடைகளில் பரவியதும் இருட்டறை ஓட்டம் குறைந்தது, தலைதாங்கி தேவையற்றதாயிற்று, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் படம் எடுக்க முடிந்தது. 1888-இல் வந்த கோடாக் கேமரா ஸ்டூடியோவுக்கு வெளியே படம் எடுப்பதை எளிதாக்கியது. ஆனால் வேதியியல் கட்டாயம் நீங்கிய பின்னும் பழைய நிலைகள் நீங்கவில்லை. முழங்கால்மேல் கை, நேர்ப்பார்வை, நடுவில் மூத்தவர் என்ற அமைப்பு 20ஆம் நூற்றாண்டின் திருமணப் படங்கள்வரை தொடர்ந்தது. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி உறவினர் சூழ எடுக்கும் படத்திலும் அதே அமைப்பு காணப்பட்டது.

பழைய படத்தைப் படிக்கும் முறை

பெண்ணாடம், விருத்தாசலம், சிதம்பரம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில் முன்சரிந்து தொங்கும் படங்கள் உள்ளூர் வரலாற்றின் ஆவணங்கள். அவற்றைக் காணும் மாணவர்கள் கீழ்க்காண்பவற்றைக் கவனிக்கலாம்.

1. அட்டையின் அளவும் தடிப்பும். மெல்லிய, கூர்முனைச் சிறு அட்டைகள் பொதுவாகப் பழையவை. தடித்த, ஓரத்தில் பொன்வண்ணம் பூசியவை பெரும்பாலும் 1880களுக்குப் பிந்தியவை.
2. பின்புறத்தில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயரும் ஊரும்.
3. ஒளி வரும் திசை, தலைதாங்கியின் அடித்தட்டு, திரைத்துணியின் மடிப்பு.
4. யார் அமர்ந்துள்ளார், யார் நிற்கிறார், யாருடைய கை யார்மேல் உள்ளது என்பவை.
5. நகை, உடை, கையிலுள்ள பொருள் ஆகியவற்றில் எவை அவருடையவை, எவை ஸ்டூடியோவுடையவை என்ற வேறுபாடு.

தமிழகத்து ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்மயமாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் மேற்கொண்டுள்ளனர். ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. படத்தைத் துடைக்கவோ ஈரப்படுத்தவோ கூடாது. வெயில் படாத இடத்தில் வைத்து, முதலில் ஒரு மின்படி எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வீட்டில் உள்ள முதியவரிடம் கேட்டு, படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் உறவுமுறையையும் இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். அப்பெயர்களை அறிந்த கடைசி மனிதர் மறைந்துவிட்டால், விரும்பி அமர்ந்து எடுத்துக்கொண்ட படமும் 'தமிழ்ப் பெண்', 'கூலியாள்' என்ற அட்டைகளைப்போலப் பெயரில்லாததாகிவிடும்.